பழைய கிரான் டூரிஸ்மோவை மறுபடி ஓட்ட: எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடக்கூடாது

நான் ஈரோட்டில் பள்ளியில் படித்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. மணிக்கு 20 ரூபாய். 4 டிவி, 4 பிளேஸ்டேஷன், வருகிற எல்லாருக்கும் பொதுவாக ஒரே மெமரி கார்டு. சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போய் கிரான் டூரிஸ்மோ 2 என்ற கார் ரேஸ் கேமில் லைசென்ஸ் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு பழைய காரை வாங்கித் தேற்றி, இரண்டு மாதத்தில் ஓரளவு மேலே வந்திருந்தேன். அடுத்த வாரம் போய்க் கார்டைத் திறந்தால், என் சேமிப்பு இருந்த இடத்தில் ஒரு மல்யுத்த கேம் உட்கார்ந்திருந்தது. இடம் பத்தவில்லை என்று யாரோ அழித்துவிட்டார்கள். வெளியே வந்து சைக்கிளை எடுக்க மனசு வராமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

போன வருடம் அதே கேமை என் லேப்டாப்பில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது அக்கா பையனும் ஓட்டுகிறான். அவனுக்கு அமைத்துக் கொடுத்தபோது என்ன செய்தேனோ அதை வரிசையாக எழுதுகிறேன், பழைய கேமை இன்றைய கணினியில் ஓட வைக்கிற எமுலேட்டர் என்ற ஒன்றை இதுவரை தொட்டே பார்க்காதவர்களுக்காக. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எமுலேட்டருக்குள் போனால் நூறு சுவிட்ச் இருக்கும். அதில் சில, அந்தக் கால மெஷினால் முடியாமல் போனதைச் சரிசெய்பவை. வேறு சில, கேம் உங்களிடம் கேட்கிற உழைப்பையே எடுத்துவிடுபவை. முதல் வகையைத் தாராளமாகப் போடுங்கள், இரண்டாவது வகைப் பக்கமே போகாதீர்கள். கீழே சொல்வது எல்லாம் இந்த ஒரு கணக்கில்தான்.

கிரான் டூரிஸ்மோ 2 வந்தது 1999 டிசம்பரில். கசுனோரி யமாவுச்சி தலைமையில் பாலிஃபோனி டிஜிட்டல் செய்தது. ஏறக்குறைய 650 கார்கள், இரண்டு டிஸ்க். இதெல்லாம் ஓடிய மெஷினில் இருந்தது 34 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவான பிராசசர், 2 எம்பி நினைவகம், படத்துக்கென்று தனியாக 1 எம்பி. இன்று வாட்ஸப்பில் வருகிற ஒரு கல்யாணப் பத்திரிகை வீடியோவே அதைவிடப் பெரிதாக இருக்கும். அதற்குள் கார் எடை மாறுவதையும் டயர் பிடி விடுவதையும் எப்படி அடைத்தார்கள் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். நம் பக்கத்துப் பையன்களுக்கு அதில் இன்னொரு ஈர்ப்பும் இருந்தது. சுசூகி ஷோரூமுக்குள் போனால் ஆல்டோவும் வேகன் ஆரும் நிற்கும், அதே பெயர்கள் அப்போதுதான் நம் ரோட்டிலும் புதிதாக ஓட ஆரம்பித்திருந்தன. கோயம்புத்தூரில் ரேஸ் ஓட்டுநர் கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களில் ஓடியதும் சுசூகி வழி வந்த மாருதி 800 எஞ்சின்தான். அதே ஊரில் பிறந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். செட்டிபாளையத்து ரேஸ் டிராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வே கரிவர்தன் பெயரில்தான் இருக்கிறது. ரேஸ் என்றால் ஏதோ சீமைச் சமாச்சாரம் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

டிஸ்க்கும் பயாஸும்

மூன்று பொருள் வேண்டும்: எமுலேட்டர், கேமின் டிஸ்க், கன்சோலின் (அதாவது பிளேஸ்டேஷன் மெஷினின்) பயாஸ்.

எமுலேட்டர் என்பது பழைய கன்சோல் செய்த வேலை அத்தனையையும் இன்றைய கணினிக்குள் செய்து காட்டுகிற மென்பொருள். அது சட்டப்படி சரியா என்று கேட்பவர்களுக்கு: கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் செய்த பிளேஸ்டேஷன் எமுலேட்டருக்கு எதிராக சோனி தொடுத்த வழக்கில் 2000-ஆம் ஆண்டே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நான் பயன்படுத்துவது டக்ஸ்டேஷன். இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்கும் இருக்கிறது. அதை உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடினால் மேலே வருகிற விளம்பர இணைப்பில் கை வைக்க வேண்டாம். பத்து வருடத்துப் பழைய லேப்டாப்பே போதும்.

டிஸ்க் விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன், அன்று நம் ஊர்க் கடைகளில் ஓடியது பெரும்பாலும் நகல். இன்று அசல் டிஸ்க் தேடினால் வெளிநாட்டில் வேலை பார்த்து வந்தவர்கள் வீட்டு அட்டைப்பெட்டியில், இல்லையென்றால் இணையத்தில் பழைய சாமான் விற்பவர்களிடம் கிடைக்கும். வாங்கும்போது டிஸ்க்கின் முகப்பில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். எஸ்சியூஎஸ் என்று ஆரம்பித்தால் அமெரிக்கப் பதிப்பு, எஸ்சிபிஎஸ் ஜப்பான், எஸ்சிஇஎஸ் ஐரோப்பா. அமெரிக்கப் பதிப்பையே வாங்குங்கள். ஐரோப்பியப் பதிப்பு அங்கிருந்த டிவிக்கு ஏற்ப 50 ஹெர்ட்ஸில், அதாவது திரை நொடிக்கு 50 தடவை மாறுகிற வேகத்தில் ஓடும், அமெரிக்கப் பதிப்பும் ஜப்பான் பதிப்பும் 60. ரேஸில் அந்த வித்தியாசம் கைக்கே தெரியும். அமெரிக்கப் பதிப்பிலும் முதலில் அச்சான டிஸ்க்குகளில் ஒரு குறை உண்டு: எல்லாவற்றையும் முடித்தாலும் கணக்கு 98.2 சதவீதத்தைத் தாண்டாது. பின்னால் வந்த அச்சில் திருத்திவிட்டார்கள். உங்கள் டிஸ்க் அங்கே நின்றால் தப்பு உங்கள் மேல் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

டிஸ்க்கைக் கணினிக்குள் எடுக்க ஒரு டிவிடி டிரைவ் போதும். லேப்டாப்பில் இல்லையென்றால் யூஎஸ்பியில் மாட்டுகிற மாதிரி கிடைக்கும். மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். விண்டோஸில் இம்க்பர்ன் என்ற மென்பொருளைத் திறந்து, டிஸ்க்கிலிருந்து இமேஜ் எடுக்கச் சொல்லி, படிக்கிற வேகத்தைக் குறைத்து வைத்து ஓட விடுங்கள். முடிந்ததும் இரண்டு கோப்பு இருக்கும். பெரியது .bin என்று முடியும், அதில்தான் சரக்கு. சின்னது .cue (கியூ), எது எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்கிற நாலு வரிக் குறிப்பு. எமுலேட்டரில் கியூவைத்தான் திறக்க வேண்டும், அதனால் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள், ஒன்றின் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். டிஸ்க் 2-க்கும் இதேதான்.

பயாஸ்தான் புதியவர்கள் தடுமாறுகிற இடம். கன்சோலை ஆன் செய்ததும் முதலில் விழித்துக்கொள்கிற உள்மென்பொருள் அது. வெறும் 512 கேபி. எமுலேட்டரோடு சேர்ந்து வராது, ஏனென்றால் அது சோனியின் சொத்து. உங்கள் சொந்தக் கன்சோலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிளேஸ்டேஷன் பரணில் கிடந்தால், ஃப்ரீபிஎஸ்எக்ஸ்பூட் என்ற முறையில் ஒரு மெமரி கார்டு வழியாகவே அதற்குள் நுழைய முடியும். கொஞ்சம் பொறுமை வேண்டும், எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. அமெரிக்க டிஸ்க்குக்கு அமெரிக்க பயாஸ் பொருந்தும். எடுத்த கோப்பை டக்ஸ்டேஷனின் பயாஸ் ஃபோல்டரில் போட்டால் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

படம்: இங்கே தாராளமாக இருங்கள்

எதையும் மாற்றாமல் முதல் தடவை டிவியில் போட்டுக் காட்டியபோது அக்கா பையன் கேட்டான், “ஏனுங் மாமா, ரோடு ஏன் தண்ணியாட்டம் நெளியுதுங்?” நல்ல கேள்வி. உண்மையாகவே நெளிகிறது. மெதுவாகப் போய் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பக்கத்தில் பாருங்கள், செங்கல் வரிசை உங்களோடு சேர்ந்து வளையும், காரின் விளிம்பு வெடவெடவென்று நடுங்கும். காரணம், பிளேஸ்டேஷன் ஒவ்வொரு மூலையையும் முழுப் புள்ளிக் கணக்கில்தான் வைக்கும், அரைப் புள்ளி கால் புள்ளி அதற்குத் தெரியாது. சுவரில் ஒட்டுகிற படத்தை, எது தூரம் எது பக்கம் என்று பார்க்காமல் தட்டையாகவே இழுத்து ஒட்டும். அன்றைக்குச் சின்ன டிவியில் அது அவ்வளவாகக் கண்ணில் படவில்லை.

இது மெஷினின் பலவீனம், அதனால் சரிசெய்யலாம். கிராபிக்ஸ் அமைப்புக்குள் போய் பிஜிஎக்ஸ்பி என்பதைப் போடுங்கள். நடுக்கமும் நெளிவும் அப்படியே அடங்கிவிடும். அதற்குள்ளேயே சிபியு மோடு என்று ஒன்று இருக்கும், ஆரம்பத்தில் அதை விட்டுவிடுங்கள். அடுத்து, உள் ரெசல்யூஷன், அதாவது படத்தை எவ்வளவு நுணுக்கமாக வரைவது என்பது. 1080 டிவிக்கு 5 மடங்கு வைத்தால் கச்சிதம், 4கே என்றால் 9. பழைய லேப்டாப் திணறினால் 3-க்கு இறங்குங்கள், அதிலேயே நம்பர் பிளேட்டைப் படிக்கலாம்.

அகலத்திரை மட்டும் வேண்டாம். கேம் 4:3-க்காகச் செய்தது. இழுத்தால் வேகமானி நீள்வட்டமாகிவிடும், ஓரங்களில் மரங்கள் திடீர் திடீரென்று முளைக்கும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். நொடிக்கு 30 படமாக ஓடுகிற கேமை 60 ஆக்குகிற சீட் கோடுகளும் (கேமை மாற்றுகிற சங்கேத எண்கள்) உலவுகின்றன, எமுலேட்டருக்குள் பிராசசர் வேகத்தைக் கூட்டினால்தான் அவை வேலை செய்யும். கேமை ஒருமுறை முடித்தபிறகு ஆசைக்குப் போட்டுப் பாருங்கள். டிவியில் ஓட்டுபவர்கள் டிவியின் கேம் மோடை மறக்காமல் போடுங்கள், இல்லையென்றால் ஸ்டீயரிங் திருப்பிய பிறகு சற்றுத் தாமதமாகத்தான் கார் திரும்பும்.

கை

கீபோர்டிலும் போன் திரையிலும் இந்த கேமை ஓட்ட முடியாது என்றே சொல்வேன். ஓடும், ஆனால் மூன்றாவது லைசென்ஸ் சோதனையிலேயே வெறுத்துவிடும். ஏதாவது ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலர் வாங்குங்கள். டக்ஸ்டேஷனில் கன்ட்ரோலர் வகையை அனலாக் என்று வைத்துவிட்டு, இடது குச்சியால் திருப்பிப் பழகுங்கள். புதிய கன்ட்ரோலர்களின் குச்சி பிளேஸ்டேஷனின் பழைய டூயல்ஷாக் கன்ட்ரோலர் அளவுக்கு மூலை வரை எட்டாது, அதற்காகத்தான் அனலாக் சென்சிட்டிவிட்டி 133 சதவீதத்தில் இருக்கும். அதைக் குறைத்துவிடாதீர்கள்.

ஆக்சிலேட்டரில் ஒரு சிக்கல் உண்டு. முதல் பிளேஸ்டேஷனின் எக்ஸ் பட்டனுக்கு அழுத்தம் தெரியாது, மிதித்தால் முழுசு, விட்டால் சுழி. அதனால் வளைவில் பட்டனைத் தட்டித் தட்டித்தான் ஓட்ட வேண்டும். அதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு வழி இருந்தது. நாம்கோ செய்த நெக்கான் என்ற கன்ட்ரோலர், நடுவில் துணி பிழிகிற மாதிரி முறுக்கினால் கார் திரும்பும், மூன்று பட்டன்களுக்கு அழுத்தமும் தெரியும். கிரான் டூரிஸ்மோ அதை ஏற்றுக்கொள்ளும், டக்ஸ்டேஷனும் அதைப் போல நடிக்கும். ஆகவே ஸ்டீயரிங் வீலும் பெடலும் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோலர் வகையை நெக்கான் என்று மாற்றி, வீலை முறுக்கலுக்கும் பெடலை அந்தப் பட்டன்களுக்கும் இணைத்தால் பாதி மிதி, கால் மிதி எல்லாம் கிடைத்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று இரவு இரண்டு மணி வரைக்கும் நான் படுக்கவில்லை.

மெமரி கார்டு

என் கதை மேலே இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

பிளேஸ்டேஷன் மெமரி கார்டின் மொத்தக் கொள்ளளவு 128 கேபி, 15 கட்டம். எமுலேட்டரில் அது ஒரு சின்னக் கோப்பு, எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், யாரும் யாருடையதையும் அழிக்கத் தேவையில்லை. வீட்டில் ஓட்டுகிற ஆளுக்கு ஒரு கார்டு கொடுத்துவிடுங்கள். ஆனால் ஒன்று. இந்த கேமுக்கு இரண்டு டிஸ்க், நேராக ரேஸுக்குப் போகிற ஆர்கேட் ஒன்று, லைசென்ஸ் எடுத்துக் கார் வாங்கி வளர்கிற சிமுலேஷன் ஒன்று. சிமுலேஷனில் சம்பாதித்த காரை ஆர்கேடில் எடுத்து ஓட்ட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே கார்டைப் பார்க்க வேண்டும். அமைப்பில் டிஸ்க் எண்ணுக்கு ஒரு கார்டு என்று இருந்தால் பார்க்காது, கேம் பெயருக்கு ஒரு கார்டு என்று மாற்றிவிடுங்கள்.

எமுலேட்டரில் சேவ் ஸ்டேட் என்று இன்னொன்று இருக்கிறது. எந்த நொடியிலும் அப்படியே உறைய வைத்து, அதே நொடிக்குத் திரும்பலாம். ரீவைண்ட் என்பது வீடியோ கேசட் மாதிரி பின்னால் ஓட்டுவது. நான் சொன்ன இரண்டாவது வகை இவைதான். வளைவில் தடம் மாறியதும் பத்து நொடி பின்னால் போகலாம் என்றால் பிரேக் எங்கே பிடிப்பது என்று கை கற்றுக்கொள்ளாது, இந்த கேமில் கற்றுக்கொள்ள இருப்பது கிட்டத்தட்ட அது ஒன்றுதான். அதோடு பழைய சேவ் ஸ்டேட்டைத் திறந்து அங்கிருந்து கார்டில் சேமித்தால், கார்டில் இருந்த புதிய சேமிப்பின் மேல் பழையது ஏறிவிடும், இடையில் ஓட்டியதெல்லாம் போச்சு. எமுலேட்டரின் பதிப்பு மாறினால் சில சமயம் பழைய ஸ்டேட் திறக்கவும் செய்யாது. கை சும்மா இருக்காது என்றால், டக்ஸ்டேஷனிலேயே, பழைய கேம்களில் செய்த சாதனைகளைப் பதிகிற ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் தளத்தின் கணக்கை இணைத்து ஹார்ட்கோர் மோடைப் போடுங்கள், ஸ்டேட்டைத் திறப்பது, ரீவைண்ட், சீட் கோடு எல்லாவற்றையும் அதுவே பூட்டிவிடும்.

முதல் வாரம்

கையில் 10,000 கிரெடிட்டோடு (கேமுக்குள் புழங்குகிற பணம்) ஆரம்பிப்பீர்கள். உடனே கார் வாங்க ஓடாமல் லைசென்ஸ் மையத்துக்குப் போங்கள். பி, ஏ, அப்புறம் ஐசி, ஐபி, ஐஏ, கடைசியில் எஸ். ஒவ்வொன்றிலும் 10 சோதனை. முதல் சோதனை, புறப்பட்டு வேகமெடுத்து, குறித்த கட்டத்துக்குள் நிற்பது. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அதில் தங்கப் பதக்கம் எடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

எங்கள் பெரியப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, சரக்கோடு ஏறி இறங்கி முப்பது வருடம். சின்ன வயதில் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து போனபோது சொன்னார்: “வளைவுக்குள்ள போய் பிரேக்கை மிதிக்கறவன் டிரைவர் இல்லீடா கண்ணு. வேகத்தையெல்லாம் நேர் ரோட்லயே முடிச்சுக்கோணும்.” லைசென்ஸ் சோதனை அறுபதிலும் பாதிக்கு மேல் இதைத்தான் கேட்கிறது. ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே பிரேக். வேகம் இறங்கியதும் பிரேக்கை விட்டுத் திருப்புதல். வளைவின் உள்விளிம்பைத் தொட்டு, கார் வெளியே பார்க்க ஆரம்பித்த பிறகு ஆக்சிலேட்டர். பிரேக் பிடிக்க ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பலகை, ஒரு நிழல், ரோட்டில் ஒரு கறை, ஏதாவது ஒன்று. வெளியே போய் விழுந்தால் அடுத்த முறை அதற்கு ஒரு கார் நீளம் முன்னால். அக்கா பையன் பி-யில் ஒரே சோதனையை 34 தடவை ஓட்டினான், எண்ணிக்கொண்டே இருந்தேன், முப்பதுக்கு மேல் அவன் பேச்சையே நிறுத்திவிட்டான், உதடு மட்டும் “இப்ப… இப்ப…” என்று அசைந்தது. வெண்கலம் வந்தால் போதும், மேலே போகலாம், தங்கத்துக்கு அப்புறம் திரும்பி வாருங்கள். ஒரு லைசென்ஸில் பத்தும் தங்கம் என்றால் ஒரு கார் பரிசு.

பி கையில் வந்ததும் பழைய கார் சந்தைக்குப் போங்கள். நாள் நகர நகர அங்கே கார்கள் மாறும், இன்று பிடித்தது இல்லையென்றால் சில ரேஸ் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். முன்சக்கரத்தில் இழுக்கிற சின்னக் காராகவே முதலில் எடுங்கள், பின்பக்கம் சுழற்றாது. மொத்தப் பணத்தையும் காரில் கொட்டாமல் கொஞ்சம் மீதி வையுங்கள். சண்டே கப் என்ற ஆரம்பநிலை ரேஸை இரண்டு மூன்று தடவை ஜெயித்து வருகிற காசில் எல்லாரும் எஞ்சினைத்தான் முதலில் பெரிதாக்குவார்கள். டயரை முதலில் மாற்றுங்கள், அடுத்து எடையைக் குறையுங்கள். பிரேக்கும் திருப்பமும் ஒரே நேரத்தில் தேறும். பரிசாக வருகிற காரில் வேண்டாததை விற்றால் அடுத்த காருக்குக் காசு வந்துவிடும்.

நான் சுசூகியின் ஆல்டோ வொர்க்ஸ்தான் எடுத்தேன், 660 சிசி, 64 குதிரைத்திறன். வேகம் போதாது, பெரிய டிராக்குகளில் பின்னால் தங்கிவிடும். ஆனாலும் டிரையல் மௌன்டன் என்ற டிராக்கில் சுரங்கத்தைத் தாண்டி வருகிற இறக்கத்தில் அதை முழு மிதியில் விட்டு, வளைவுக்கு முன்னால் ஒரே ஒரு தட்டில் அடக்கித் திருப்புகிற சுகம் அப்புறம் வாங்கிய பெரிய கார் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாக ஒன்று, இந்த கேம் தானாகச் சேமிக்காது. ரேஸ் முடிந்ததும் கேமின் ஹோம் மெனுவுக்குப் போய் நீங்கள்தான் சேவ் கொடுக்க வேண்டும். மேசைக் கணினியில் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு ரேஸுக்கும் கொடுங்கள், நம் ஊர்க் கரண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கார்டு கோப்பு டக்ஸ்டேஷனின் மெம்கார்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் இரண்டு பேர் கார்டையும் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து பீரோவில் வைத்துவிடுகிறேன். பையன் ஊருக்குப் போகும்போது அவன் கார்டை அவன் போனிலும் ஏற்றிக் கொடுத்து அனுப்பினேன், அங்கே அவன் அப்பாவின் லேப்டாப்பில் விட்ட இடத்திலிருந்து ஓட்டுகிறான். ஐசி-யில் ஏழாவது சோதனையில் நிற்கிறானாம்.